பழச்சாறும் மருந்தும்

நோயுற்றவரைக் காணச் செல்லும்போது பழம் வாங்கிச் செல்வது நம்மிடையே உள்ள நல்வழக்கம். மருத்துவர் தரும் மருந்து ஒருபுறம் இருக்க, உறவினர் பிழிந்து தரும் சாறும் நோயாளியின் கைக்கு வருகின்றது. சில மருந்துகளைப் பாலுடன் உட்கொண்டால் அவற்றின் ஆற்றல் குறைந்துவிடும் என்பதை மருத்துவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் பழச்சாற்றின்மீது ஐயம் கொண்டவர் அரியர். கசக்கும் மருந்தை விழுங்குவதற்கு அது துணை, உடலுக்கு ஊட்டம், அதனால் தீங்கு நேர வழியில்லை என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. 1991ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் மாறிற்று. அதனை மாற்றியது ஒரே ஒரு பழம்.

கிரேப்புரூட் என்பது அப்பழத்தின் பெயர். பெயரைக் கேட்டு அது திராட்சை இனத்தைச் சேர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. திராட்சைக்கும் அதற்கும் உறவு ஒன்றுமில்லை. கிளைகளில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அப்பெயர் பெற்றது என்பர். எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்ததே அதுவும். நம் சந்தைகளில் காணப்படும் பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய கலப்பினம் அது. கைப்பும் புளிப்பும் இனிப்பும் ஒருங்கே கலந்த அதன் சாற்றை அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் காலை உணவோடு பருகுவர்.

இச்சாறு மருந்தை என்ன செய்கின்றது என்று அறிவதற்கு முன், வாயினால் உட்கொள்ளும் மருந்து குருதியை அடையும் வழியை அறிந்துகொள்ளுதல் வேண்டும். விழுங்கிய மாத்திரை முழுவதும் அப்படியே குருதியிற் கலந்துவிடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. மாத்திரை முதலில் இரைப்பையில் கரைய வேண்டும். கரைந்த பொருள் சிறுகுடலை அடைந்து, அதன் சுவரில் அமைந்துள்ள உயிரணுக்களினூடே புகுந்து செல்ல வேண்டும். அங்கிருந்து ஒரு பெரிய இரத்தக்குழாய் அதனை நேரே கல்லீரலுக்குக் கொண்டு செல்கின்றது. கல்லீரலையும் கடந்த பின்னரே எஞ்சிய பகுதி இதயத்தை அடைந்து உடலெங்கும் பரவுகின்றது.

இவ்வழியில் இரண்டு இடங்களில் காவல் உண்டு. ஒன்று குடற்சுவர், மற்றொன்று கல்லீரல். காவல் புரிவன நொதிகள் என்னும் புரதங்கள். நாம் உண்ணும் இலை, காய், கனி, விதை ஆகியவற்றில் ஊட்டப் பொருள்களோடு உடலுக்கு வேண்டாத பொருள்களும் பலவுண்டு. சில நச்சுத்தன்மை உடையனவாகவும் இருக்கும். அத்தகைய அயற்பொருள்களைச் சிதைத்து, எளிதில் வெளியேறும்படி மாற்றுதல் இந்நொதிகளின் தொழில். அவற்றுள் முதன்மையான ஒன்று சைட்டோகுரோம் பி450 3ஏ4 என்பது. பெயர் நீண்டதாதலின், இப்பாடத்தில் அதனை 3ஏ4 நொதி என்றே குறிப்போம். இது பலதிறப்பட்ட பொருள்களைச் சிதைக்க வல்லது. நஞ்சு இது, மருந்து இது என்று பகுத்தறியும் ஆற்றல் மட்டும் அதற்கு இல்லை. மருத்துவர் கொடுத்த மருந்தையும் அயற்பொருளாகவே கொண்டு அது அழித்துவிடுகின்றது. மருந்தின் அளவை வரையறுப்போர் இவ்விழப்பையும் கணக்கிட்டே, உடலுக்குத் தேவையானதினும் மிகுதியாக மாத்திரையில் வைக்கின்றனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பெலோடிபின் என்னும் மருந்தில் 100 பங்கு உட்கொண்டால் ஏறத்தாழ 15 பங்கே குருதியோட்டத்தை அடைகின்றது. எஞ்சிய 85 பங்கும் வழியிலேயே அழிகின்றன.

இப்பெலோடிபின் மருந்தே பழச்சாற்றின் இயல்பை வெளிப்படுத்தியது. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் இலண்டன் என்னும் நகரம் ஒன்று உண்டு. அங்கு டேவிட் பெய்லி என்னும் மருந்தியல் அறிஞர் ஆராய்ச்சி செய்துவந்தார். இளமையில் அவர் சிறந்த ஓட்டக்காரர். ஒரு மைல் தொலைவை 4 நிமிடத்திற்குள் ஓடி முடித்த முதற்கனடியர் என்னும் புகழை 1966ஆம் ஆண்டில் பெற்றவர். பெலோடிபின் உட்கொள்வோர் மது அருந்தினால் என்ன நேரும் என்பதை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய விரும்பினர். அத்தகைய ஆய்வில், தாம் அருந்துவது மதுவா அன்றா என்பதை உட்கொள்பவர் அறியலாகாது. அறிந்தால் அவ்வறிவே அவர்தம் உடல்நிலையை மாற்றிவிடக்கூடும். ஆகவே மதுவின் சுவையை மறைப்பதற்கு ஏற்ற பானம் ஒன்றைத் தேடினர். பல சாறுகளைச் சுவைத்துப் பார்த்ததில், கிரேப்புரூட் சாறு ஒன்றே அச்சுவையை முற்றிலும் மறைத்தது. மதுவைச் சாற்றில் கலந்தும், வெறுஞ்சாறாகவும் கொடுத்தனர்.

முடிவு எதிர்பாராததாக இருந்தது. மது அருந்தியபோது மட்டுமன்றி, மதுவே அருந்தாதபோதும் குருதியில் பெலோடிபின் மிகுந்திருந்தது. வேறிடங்களில் நிகழ்ந்த ஆய்வுகளில் காணப்பட்ட அளவைவிட அது பன்மடங்கு மிகுதி. மருந்தின் அளவில் தவறு நேர்ந்ததோ, கருவிகளில் பிழையோ என்று ஒவ்வொன்றாய் ஆராய்ந்தனர். யாவும் செவ்வையாகவே இருந்தன. எஞ்சியது சாறு ஒன்றே. பெய்லி தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். ஒருமுறை நீருடனும் ஒருமுறை கிரேப்புரூட் சாற்றுடனும் அம்மருந்தை உட்கொண்டு தம் குருதியைச் சோதித்தார். சாற்றுடன் உட்கொண்டபோது மருந்தின் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பின்னர் 6 பேரிடம் முறைப்படி ஆய்வு நடத்தி, இலண்டன் மாநகரில் வெளியாகும் 'தி லான்செட்' என்னும் மருத்துவ இதழில் 1991ஆம் ஆண்டு வெளியிட்டனர். நீருடன் உட்கொண்டபோது குருதியை அடைந்த மருந்தை 100 எனக் கொண்டால், கிரேப்புரூட் சாற்றுடன் அது சராசரி 284 ஆயிற்று. ஆரஞ்சுச் சாறு அவ்வாறு செய்யவில்லை. மதுவை ஆராயப் புகுந்தவர்கள், அதனை மறைக்க வைத்த பானத்தைப் பற்றிய உண்மையோடு வெளிவந்தனர்! அறிவியல் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் பலவுண்டு. ஆனால் எதிர்பாராத எண்ணைக் கண்டபோது அதனைப் புறக்கணித்து ஒதுக்காமல் துருவிப் பார்ப்பவர் சிலரே.

சாறு எவ்வாறு இதனைச் செய்கின்றது? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1997ஆம் ஆண்டில் தெளிவான விடை தந்தனர். நலமுள்ள ஆடவர் 10 பேர் ஆறு நாள்கள், நாளொன்றுக்கு மும்முறை கிரேப்புரூட் சாறு பருகினர். சாறு பருகுமுன்னும் பருகிய பின்னும் அவர்தம் சிறுகுடலின் உட்புறத்திலிருந்து மிகச்சிறு துணுக்குகளை எடுத்துச் சோதித்தனர். குடற்சுவரிலிருந்த 3ஏ4 நொதியில் 100க்கு 62 பங்கு மறைந்திருந்தது. கல்லீரலிலிருந்த நொதியின் ஆற்றலோ குறையவில்லை. ஆதலின் சாற்றினால் நீங்குவது முதற்காவல் ஒன்றே. இரண்டாங்காவல் நிலைத்தே நிற்கின்றது.

காவலை நீக்குவன பியூரானோகூமரின்கள் என்னும் பொருள்கள். இவையும் தாவரத்தில் உண்டாவனவே. 3ஏ4 நொதி தன் வழக்கப்படி இவற்றையும் சிதைக்க முற்படுகின்றது. சிதைவினின்று பிறக்கும் துண்டு அந்நொதியையே இறுகப் பற்றி அதனைப் பயனற்றதாக்கிவிடுகின்றது. விழுங்கிய இரையே தொண்டையில் முள்ளாகத் தைத்தாற்போன்றது இது. செயலிழந்த நொதி மீண்டும் எழுவதில்லை. குடலின் உயிரணுக்கள் புதிய நொதியை ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை செல்லும். இதனின்று ஓர் உண்மை புலனாகின்றது. காலையில் சாற்றைப் பருகி, மாலையில் மருந்தை உட்கொண்டால் இரண்டும் சந்திக்கமாட்டா என்று சிலர் கருதக்கூடும். குடலில் சாறு இல்லாதுபோயினும் காவலும் இல்லை அன்றோ? ஒரு குவளைச் சாறே இவ்விளைவுக்குப் போதுமானது. பியூரானோகூமரின்களை நீக்கிய சாற்றைக் கொண்டு வடகரோலினா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சாறு பெலோடிபினை மிகுவிக்கவில்லை. குற்றம் யாருடையது என்பது அதனால் உறுதியாயிற்று. பம்பளிமாசிலும், பழப்பாகு செய்யப் பயன்படும் செவில் ஆரஞ்சு என்னும் கசப்பு ஆரஞ்சிலும் இப்பொருள்கள் உண்டு. நாம் உரித்துத் தின்னும் இனிப்பு ஆரஞ்சில் இவ்விளைவு காணப்படவில்லை.

இனி, வைரசுகளை எதிர்க்கும் மருந்துகளுக்கு வருவோம். எய்ட்ஸ் நோய் 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதனை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரஸ் 1983இல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இவ்வைரஸ் இருப்பது 1986ஆம் ஆண்டில் சென்னையில்தான் முதன்முதல் வெளிப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டலில் அவ்வாய்வு நிகழ்ந்தது. மருத்துவம் பெறாத நோயாளியின் உடலில் இவ்வைரஸ் நாள்தோறும் ஆயிரங்கோடி என்னும் அளவில் பெருகுகின்றது. அவ்வாறு படியெடுக்குங்கால் இடையறாது பிழைகளும் நேருகின்றன. பிழையுற்ற படிகளுள் ஏதேனும் ஒன்று மருந்துக்கு அடங்காததாக அமைந்துவிடலாம். குருதியில் மருந்து போதிய அளவு இருப்பின் வைரஸ் பெருகவே இடமில்லை. எனவே புதிய பிழைகளும் தோன்றா. மருந்து சற்றே குறைவாக இருக்குமாயின், அடங்கும் வைரஸ் அழிந்து, அடங்காத வைரஸ் தழைத்துவிடும். பின்னர் அம்மருந்தை எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. மற்ற நோய்கள் பலவற்றில் மருந்து குறைந்தால் குணமாவது தாமதிக்கும். இந்நோயில் மருந்தே கையைவிட்டுப் போகும்.

இந்நிலையில் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் சக்வினவிர் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. வைரஸ் தன் புரதங்களை அளவாக வெட்டி அமைத்துக்கொள்ள உதவும் கத்திரி போன்ற நொதி ஒன்று உண்டு. அக்கத்திரியை அசையவிடாமல் தடுக்கும் மருந்துகளுள் முதலில் வந்தது இதுவே. சோதனைக் குழாயில் இது வைரசை நன்கு அடக்கிற்று. ஆயினும் வாய்வழியாக உட்கொண்டபோது பெருங்குறை ஒன்று தோன்றியது. உணவோடு உண்டாலும் 100 பங்கில் ஏறத்தாழ 4 பங்கே குருதியை அடைந்தது. வெறுவயிற்றில் உண்டால் இன்னும் குறைவு. குடலில் செவ்வனே கரையாமை ஒரு காரணம். உட்புகுந்த மருந்தைக் குடலின் உயிரணுக்களே மீண்டும் வெளியே தள்ளுதல் மற்றொரு காரணம். தள்ளப்படாமல் எஞ்சியதை 3ஏ4 நொதி சிதைத்தது.

பெலோடிபின் மருந்தில் இடையூறாகத் தோன்றிய பழச்சாறு ஈண்டு உதவியாகுமோ என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் நலமுள்ள 8 பேரிடம் இதனைச் சோதித்து, 1998ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நீர் பருகிச் சக்வினவிரை உட்கொண்டபோது குருதியை அடைந்தது 100க்கு 0.7 பங்கு. 400 மில்லிலிட்டர் கிரேப்புரூட் சாறு பருகிய பின் உட்கொண்டபோது அது 1.4 பங்காயிற்று, அதாவது இருமடங்கு. அதே மருந்தை ஊசி வழியாக நேரே குருதியிற் செலுத்தியபோது சாற்றினால் யாதொரு மாறுதலும் உண்டாகவில்லை. குடற்சுவரிலேயே சாற்றின் வேலை நிகழ்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அப்படியாயின், மருந்தோடு ஒரு குவளைச் சாறும் பருகுக என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கலாமே என்று நீங்கள் வினவலாம். எழுதித் தராமைக்குத் தக்க காரணம் உண்டு. மாத்திரை ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவு ஒன்றே. பழம் அவ்வாறானதன்று. மரத்திற்கு மரம், பருவத்திற்குப் பருவம், பிழியும் முறைக்கு முறை பியூரானோகூமரின்களின் அளவு வேறுபடும். மனிதர் குடலிலும் 3ஏ4 நொதி ஒருவருக்கு மிகுதியாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் இருக்கும். பெய்லியின் முதல் ஆய்விலேயே ஒருவருக்கு மருந்து ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலும், மற்றொருவருக்கு நாலரை மடங்கிற்கு மேலும் ஏறியிருந்தது. இன்று மிகுந்து நாளை குறையும் மருந்து, மேலே கண்டவாறு, வைரசுக்கே வாய்ப்பளிக்கும். மேலும் நோயாளி உட்கொள்ளும் வேறு மருந்துகளையும் சாறு மிகுவித்துவிடும். கிரேப்புரூட்டோடு கூடினால் மாறுபடும் மருந்துகள் 85க்கு மேல் உண்டென்றும், அவற்றுள் 43 மருந்துகளால் கடுமையான கேடு விளையக்கூடும் என்றும் பெய்லியும் பிறரும் 2012ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர்.

சாற்றின் தொழிலை அளவோடு செய்யும் பொருளொன்று வேறு வழியில் கிடைத்தது. ரிட்டோனவிர் என்பது அதன் பெயர். 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதுவும் எச்.ஐ.வி.யை எதிர்க்கும் மருந்தாகவே வெளிவந்தது. வேளைக்கு 600 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை உட்கொள்ள வேண்டியிருந்ததால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் நோயாளிகளைப் பெரிதும் வருத்தின. ஆனால் அம்மருந்து 3ஏ4 நொதியைக் குடலில் மட்டுமன்றிக் கல்லீரலிலும் வலிமையாக அடக்குகின்றது என்று கண்டனர். 100 மில்லிகிராம் கொடுத்தாலே, உடன் கொடுக்கும் சக்வினவிர் குருதியில் பன்மடங்கு ஏறி நின்றது. அன்றுமுதல் ரிட்டோனவிர் தானே போரிடும் வீரன் என்னும் நிலையை விட்டு, மற்ற மருந்துகளுக்கு வழி திறந்துவிடும் துணைவன் ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் லோபினவிர் என்னும் மருந்தோடு அதனை ஒன்றாகச் சேர்த்தே செய்து வெளியிட்டனர்.

கொரோனாப் பெருந்தொற்றின்போதும் இம்முறையே கைகொடுத்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் இசைவு பெற்ற நிர்மட்ரெல்விர் என்னும் மருந்தும் 3ஏ4 நொதியால் விரைந்து சிதைவதே. ஆகவே அதனை 300 மில்லிகிராமும், ரிட்டோனவிர் 100 மில்லிகிராமுமாகச் சேர்த்து நாளைக்கு இருவேளை, 5 நாள்கள் கொடுக்கின்றனர். காவல் நீங்கியிருக்கும் அந்நாள்களில் வேறு மருந்துகளும் தடையின்றி உட்புகும் ஆதலின், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்றவற்றை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் தசைகள் சிதைவுறக்கூடும். இதற்கு நேர்மாறான செய்கையுடைய மருந்தும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், உடலைத் தூண்டி 3ஏ4 நொதியை மிகுதியாக ஆக்குவிக்கின்றது. எய்ட்சும் காசநோயும் ஒருவரையே பற்றும்போது மருத்துவர் பெரிதும் இடர்ப்படுவது இதனாலேயே.

எல்லாச் சாறும் எல்லா மருந்தையும் மிகுவிக்கும் என்று கொள்ளுதல் பிழை. இண்டினவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து, கிரேப்புரூட் சாற்றுடன் உட்கொண்டபோது ஓர் ஆய்வில் 100க்கு 26 பங்கு குறைந்தது; பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. டெலாவிர்டின் என்னும் மருந்து புளிப்பில் நன்கு கரைவது. இரைப்பையில் அமிலம் சுரவாதவர்கள் அதனை ஆரஞ்சுச் சாறு போன்ற புளிப்புப் பானத்துடன் உட்கொள்ளுமாறு கூறப்பட்டது. ஈண்டுச் சாறு நொதியோடு தொடர்பின்றிக் கரைத்தலாகிய வேலையைச் செய்தது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பெக்சோபெனடின் கதை இன்னும் வியப்பானது. அது வைரஸ் மருந்தன்று. ஆயினும் சொல்லாமல் விடுதற்கில்லை. கிரேப்புரூட், ஆரஞ்சு, ஆப்பிள் ஆகிய மூன்றன் சாறும் அம்மருந்தைக் குருதியில் பாதிக்கும் கீழே குறைத்துவிடுகின்றன. அதனைக் குடற்சுவரினூடே ஏற்றிச் செல்லும் புரதங்களைச் சாறு தடுத்துவிடுவதே காரணம் என்பர். 2002ஆம் ஆண்டில் இதனைக் காட்டியவர்களுள்ளும் பெய்லி ஒருவர்.

இந்தியாவில் எச்.ஐ.வி. மருந்துகளை அரசு விலையின்றி வழங்கும் திட்டம் 2004ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொடங்கியது. அன்று தொடங்கிய எட்டு மையங்களுள் தாம்பரத்து மருத்துவமனையும் ஒன்று. இப்போது அம்மையங்களில் பெரும்பாலோர்க்கு வழங்கப்படும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்னும் மருந்து அடங்கியுள்ளது. அதனைச் சிதைப்பது பெரும்பாலும் வேறொரு நொதி. 3ஏ4 நொதிக்கு அதில் பங்கு சிறிதே. ஆதலின் கிரேப்புரூட்டைப் பற்றிய அச்சம் அதற்கு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பகை உண்டு. சுண்ணச்சத்தும் இரும்பும் குடலில் அதனைப் பற்றிக்கொண்டு உட்புகாமல் தடுத்துவிடுகின்றன. வெறுவயிற்றில் சுண்ணச்சத்து மாத்திரையோடு உட்கொண்டபோது குருதியை அடையும் மருந்து ஐந்தில் இரண்டு பங்கும், இரும்புச்சத்து மாத்திரையோடு உட்கொண்டபோது பாதிக்கு மேலும் குறைந்தது. இரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை உண்ணும் கருவுற்ற தாய்மார் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். டோலுடெக்ராவிரை அம்மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்னராவது, 6 மணி நேரம் பின்னராவது உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுகின்றனர். உணவோடு சேர்த்து உண்பதாயின் இரண்டையும் ஒருங்கே உண்ணலாம். அப்போது மருந்து குறைவதில்லை.